தேக்கு வளையமா, பவளக் கோடா: எதன் எண்ணிக்கையை நம்புவது?

கேள்வி, 3 ஜூன்

வெப்பமண்டலத்தில் குளிர்காலம் கிடையாது. மரம் ஆண்டு முழுக்க வளரும், வளையம் விழாது. விழுந்தாலும் நம்ப முடியாது. போரைட்டீஸ் என்ற உருண்டைக் கல் பவளத்தை அறுத்து எக்ஸ்ரே எடுத்தால் ஆண்டுக்கு ஒரு கருப்பு, ஒரு வெள்ளை என்று அச்சடித்ததுபோல் பட்டை நிற்கிறது. வெப்பமண்டலக் காலவரிசைக்குப் பவளம் போதும், மரத்தை விட்டுவிடலாம் என்கிறேன். மறுப்பவர் உண்டா?

குறிப்பு, 3 ஜூன், மாலை

உண்டு. முதல் வரியிலேயே பிசகு. மரத்தை நிறுத்துவது குளிர் மட்டும் அல்ல, வறட்சியும்தான். தேக்கு கோடையில் இலையை உதிர்த்துவிட்டு நிற்கிறது. அந்த நாட்களில் மரப்பட்டைக்கு அடியில் உள்ள கேம்பியம், அதாவது புதுக் கட்டையைப் போடும் மெல்லிய அடுக்கு, உறங்குகிறது. மழையோடு விழிக்கும்போது முதலில் பாரன்கைமா என்ற மென்திசுவால் வெளிறிய பட்டை ஒன்றைப் போட்டு, அதில் நீரேற்றும் குழாய்களைக் கண்ணுக்கே தெரியும் அளவு பெரிதாக வரிசையாக வைக்கும். பருவம் முடிய முடியக் குழாய் சிறுத்துக்கொண்டே போகும். அடுத்த மழைக்கு மறுபடி பெரிய குழாய். இது வளையம் இல்லையென்றால் வேறு எது?

ஜாவாத் தேக்கை வைத்து 1514 முதல் 1929 வரைக்குமான வளைய வரிசையைப் பெர்லாகே 1931-லேயே வெளியிட்டுவிட்டார். பவளத்தின் அடர்த்திப் பட்டை ஆண்டுக்கு ஒன்று என்று நட்சன், படமையர், ஸ்மித் மூவரும் பசிபிக் கடலின் எனிவெட்டாக் தீவில் காட்டியது 1972-ல். மரம் 41 ஆண்டு மூத்தது.

குறிப்பு, 3 ஜூன், இரவு

மூத்தது என்பதால் சரியானது என்று ஆகிவிடாது. அது வாதத்துக்காகச் சொன்னது. எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எல்லா வெப்பமண்டல மரமும் தேக்கு அல்ல என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். ஆண்டு முழுக்க ஈரம் இருக்கும் காட்டில் பல இனங்களில் எல்லைக்கோடு மங்கல், சிலவற்றில் இல்லவே இல்லை. கேட்டவரின் சந்தேகம் அந்த மரங்களுக்குச் செல்லும்.

குறிப்பு, 5 ஜூன்

"தேக்கில் வளையம் எண்ணிப் பார்த்தேன், ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொரு கணக்கு வருகிறது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வரும். காரணம் பெரும்பாலும் கோர் (மரத்தைத் துளைத்து எடுக்கும் பென்சில் போன்ற துண்டு) எடுத்த இடம்.

தேக்கின் அடிமரம் வட்டமாக இருக்காது. மேடும் பள்ளமுமாக நீளவாக்கில் மடிந்திருக்கும். மேட்டில் வளையம் அகலம், பள்ளத்தில் நெருக்கம். மோசமான ஆண்டில் பள்ளத்துப் பக்கம் வளையமே போடாமல் விட்டுவிடும். வெட்டிய வட்டத் தட்டில் அந்த வளையத்தை விரலால் தொடர்ந்து போனால் ஆப்புபோல் மெலிந்து பக்கத்து வளையத்தோடு ஒட்டிக்கொள்வது தெரியும். 5 மி.மீ. கோரில் அது தெரிய வழியே இல்லை. அதனால்:

தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரம், மடிப்பு அதற்கும் மேல் ஏறியிருந்தால் இன்னும் உயரே. ஒரு மரத்துக்குக் குறைந்தது இரண்டு கோர், ஒன்றுக்கொன்று 90 டிகிரி விலகி, முடிந்தால் மூன்று. பள்ளத்தின் அடியில் வேண்டாம், மேட்டின் உச்சியிலும் வேண்டாம்.

கோர் எடுக்கும் துளைக்குழலின் வாய் கூராக இருக்கவேண்டும். தேக்கில் சிலிக்கா உண்டு, ரம்பத்தையே மழுக்கும் மரம் அது. மழுங்கிய வாய் கட்டையை வெட்டாமல் முறுக்கும், கோர் திருகுக் கம்பிபோல் வெளிவரும். அதில் குழாய் வரிசை ஒரு செ.மீ.க்கு ஒருமுறை திசை மாறும், அளக்க முடியாது. நூல்மரையில் தேன்மெழுகு தடவிக்கொள்ளுங்கள். மையத்தைத் தொட்டதும் உள்தகட்டைச் செருகி, குழலைப் பின்பக்கம் ஒரு சுற்றுத் திருப்பினால் கோர் முறியும். உடனே வெளியே எடுங்கள். குழலை மரத்திலேயே விட்டுவிட்டுக் குறிப்பேடு எழுதப் போனால் கட்டை இறுக்கிக்கொள்ளும். குழல் போன கதை எல்லாம் அப்படித் தொடங்குவதுதான்.

ஈரக் கோரைக் காகிதக் குழாயில் போடவேண்டும். பிளாஸ்டிக்கில் மூடினால் பூஞ்சை. காய்ந்தபின் பள்ளம் வெட்டிய மரச்சட்டத்தில் ஒட்டும்போது நார் செங்குத்தாக நிற்கவேண்டும், அதாவது குழாயின் வாய் மேலே பார்க்கவேண்டும். ஒட்டியபின் உப்புத்தாள் 120, 240, 400, 600 என்று ஏறுவரிசையில். ஒவ்வொரு தாளும் முந்தைய தாளின் கீறலை முழுக்க அழித்தபிறகே அடுத்தது. அவசரத்தில் 240-ஐத் தாண்டினால் 600-ல் மணிக்கணக்காகத் தேய்த்தாலும் கீறல் போகாது. கடைசியில் குழாய்களுக்குள் அடைத்த தூளைக் காற்றடித்து வெளியேற்றுங்கள்.

குறிப்பு, 5 ஜூன், சற்றுப் பிறகு

துளைத்த ஓட்டையைக் குச்சி வைத்து அடைக்கவேண்டாம். மரம் தானே காயத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பிக்கொள்ளும். அடைப்பு ஈரத்தைத்தான் பிடித்து வைக்கும். பவளத்தில் இதற்கு நேர் எதிர். அடைத்தே ஆகவேண்டும். அது அடுத்த குறிப்பில்.

குறிப்பு, 6 ஜூன்

சுண்ணாம்புத் தூள் தேய்த்தால் குழாய் வெள்ளையாகத் தெரியுமே என்று கேட்டவருக்கு: வெறும் குழாய் உள்ள மரத்துக்கு அது நல்ல வித்தை. தேக்கின் வைரப் பகுதியில் (நடுவே இறுகிய கட்டையில்) பல குழாய்களைத் தைலோஸ் என்ற திசுப் புடைப்புகள் அடைத்துக்கொண்டிருக்கும். பாதிக் குழாய் வெளுக்கும், பாதி வெளுக்காது, குழப்பம் கூடும்.

குறிப்பு, 8 ஜூன்

இப்போது பவளம். "அச்சடித்ததுபோல்" என்றீர்கள். அச்சுக்குத் தரும் படங்கள் அச்சடித்ததுபோல்தான் இருக்கும். இழுப்பறைக்குள் கிடக்கும் மற்ற எக்ஸ்ரேக்களைப் பார்க்கவேண்டும்.

உருண்டைப் போரைட்டீஸ் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 செ.மீ. உயரும். அரை செ.மீ.யும் உண்டு, ஒன்றரைக்கு மேலும் உண்டு. உயிருள்ள சதை மேற்பரப்பில் சில மி.மீ. மட்டும். அடியில் உள்ளதெல்லாம் விட்டு வந்த கூடு, அரகோனைட் என்ற சுண்ணாம்புக் கனிமத்தால் ஆனது. அழுத்தக்காற்று அல்லது எண்ணெய் அழுத்தத் துரப்பணத்தில் 5 முதல் 9 செ.மீ. விட்டமுள்ள குழலைப் பூட்டி, உருண்டையின் உச்சியிலிருந்து செங்குத்தாக இறக்கவேண்டும். குழல் நீளம் முடிந்ததும் கோரை முறித்து மேலே எடுத்து, நீட்டுக்கம்பி மாட்டி மறுபடி இறக்கவேண்டும். உள்ளே கடல்நீர் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். தூள் தேங்கினால் குழல் பிடித்துக்கொள்ளும்.

துண்டு தண்ணீருக்கு மேலே வருமுன்பே எண்ணும், மேல்நோக்கிய அம்புக்குறியும் போடுங்கள். ஒரு துண்டு தலைகீழானால் ஐம்பது ஆண்டு தலைகீழாகும். எக்ஸ்ரேயில் அதைக் கண்டுபிடிப்பது நினைப்பதைவிடக் கடினம். முறிந்த இடத்தில் பொடிந்துபோன பகுதி எத்தனை மி.மீ. என்பதையும் குறித்துவையுங்கள். அங்கே ஒரு பட்டை காணாமல் போயிருக்கலாம்.

ஓட்டையின் வாயைச் சிமென்ட் அடைப்பால் மூடவேண்டும். திறந்து விட்டால் துளைக்கும் கடற்பஞ்சும் சிப்பியும் உள்ளே குடியேறி நடுவிலிருந்தே அரிக்கும். மூடினால் ஓரத்துச் சதை மெல்லப் படர்ந்து அடைப்பை மறைத்துவிடும். மரம் காயத்தை உள்ளுக்குள் சுவர் கட்டிப் பிரித்துவைக்கிறது. பவளம் மேலே தோலைப் போர்த்திக்கொள்கிறது. உள்ளே நடப்பதைத் தடுக்க அதற்கு வழியில்லை, ஏனென்றால் உள்ளே உயிரே இல்லை.

நன்னீரில் அலசி, காயவைத்து, வைர வாள் கொண்டு 6 அல்லது 7 மி.மீ. கனத்தில் பலகையாக அறுத்து எக்ஸ்ரே. அறுக்கும் தளத்தில்தான் பலரும் தோற்கிறார்கள். பாலிப் (பவளத்தின் ஒவ்வொரு சிற்றுயிர்) உட்கார்ந்த கிண்ணங்களின் வரிசை பலகைக்கு இணையாக ஓடவேண்டும். சாய்ந்து வெளியேறினால் ஒரு பட்டையின் மேல் இன்னொரு பட்டையின் நிழல் விழுந்து, எக்ஸ்ரே வெறும் சாம்பல் நிறமாகிவிடும். பவளத்தின் மேற்பரப்பு மொட்டுமொட்டாக இருக்கும். கோர் மொட்டின் உச்சியில் தொடங்கி இரண்டு மொட்டுக்கு இடைப்பட்ட பள்ளத்துக்குள் நழுவினால் பட்டைகள் நெரிசலாகும். தேக்கின் பள்ளம் கடலுக்குள்ளும் விடவில்லை.

அனுமதி பற்றி ஒரே வரி: கல் பவளங்கள் எல்லாம் அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை. கோரை நாடு கடத்தவேண்டுமென்றால் தாள்களை முதலில் முடித்துவிட்டுத் துரப்பணத்தைத் தொடுங்கள்.

குறிப்பு, 9 ஜூன்

"அடர்ந்த பட்டை கோடையில் விழுவது, சரிதானே?" சில பாறைகளில் ஆம். சில பாறைகளில் குளிர்ந்த மாதங்களில். வெப்பம், ஒளி, உணவு, சதையின் கனம் எல்லாம் சேர்ந்து முடிவு செய்கின்றன. உங்கள் இடத்துக்கு எது என்பதை மேற்பரப்பிலிருந்து பாருங்கள்: கோர் எடுத்த மாதம் தெரியும், உச்சியில் எந்தப் பட்டை பாதியில் நிற்கிறது என்பதும் தெரியும். வேறு கடலின் வழக்கத்தைக் கொண்டுவந்து ஒட்டினால் தொடக்கத்திலேயே அரை ஆண்டு பிசகும்.

குறிப்பு, 11 ஜூன்

வேலைக்கு நடுவே ஒன்று. பழைய தமிழ்ப் பாகுபாட்டில் உள்ளே வைரம் உள்ளது அகக்காழ், அது மரம். வெளியே வைரம் உள்ளது புறக்காழ், அது புல். பனையும் தென்னையும் இரண்டாம் வகை. கேம்பியம் இல்லாததால் அவற்றுக்கு வளையமும் இல்லை, கணக்குச் சரியாக வருகிறது. இந்த அளவுகோலில் பவளத்தை நிறுத்தினால் அது அகக்காழ். உள்ளே இறந்த கெட்டிக் கூடு, வெளியே மெல்லிய உயிர்த்தோல், ஆண்டுதோறும் மேல் ஓர் அடுக்கு. விலங்கு மரமாகிவிட்டது, தென்னை புல்லாகிவிட்டது.

ஒரு வேறுபாட்டை மட்டும் விழுங்கக்கூடாது. தேக்கின் வெளிப்பகுதிக் கட்டை வைரமாக மாறுமுன் சில ஆண்டுகள் உயிரணுக்களோடு இருக்கும், மாவுச்சத்தைச் சேமிக்கும். பவளக் கூட்டில் அப்படி இடைநிலை இல்லை. சதை மேலேறியதும் அடியில் உள்ளது வெறும் கல்.

குறிப்பு, 14 ஜூன்

ஆண்டுக்கு ஒன்றுதான் என்பதை எப்படி நிரூபிப்பது என்ற கேள்விக்கு, இரண்டு பக்கமும் ஒரே தந்திரம்: இன்றைய தேதியை உடம்பில் எழுதிவிட்டுக் காத்திருப்பது.

மரத்தில் மேரியோ ஜன்னல் என்ற முறை. மரப்பட்டையில் சிறு கீறல் வெட்டி, கேம்பியத்தைத் தொட்டுக் காயப்படுத்துவது. அடுத்த ஆண்டு அதே மாதம் பக்கத்தில் இன்னொன்று. சில ஆண்டு கழித்து வெட்டினால் இரண்டு தழும்புக்கும் நடுவில் எத்தனை வளையம் என்று பார்த்துக்கொள்ளலாம். ஜன்னல்களை நெருக்கமாக வைத்தால் காயத்துத் திசு ஒன்றின்மேல் ஒன்று ஏறி வளையத்தைக் கோணலாக்கும்.

பவளத்தில் அலிசரின் சிவப்பு என்ற சாயம். உருண்டையைப் பிளாஸ்டிக் பையால் மூடி, உள்ளிருக்கும் நீரில் லிட்டருக்கு 10 முதல் 15 மி.கி. அளவுக்குச் சாயம் கரைத்துப் பகலில் சில மணி நேரம் விடுவது. அன்று படிந்த அரகோனைட் மட்டும் இளஞ்சிவப்பாகும். இரவில் செய்தால் கோடு மங்கலாக வரும், கூடு கட்டுவது பகலில்தான் வேகம். பையை அதிக நேரம் கட்டிவைத்தால் பவளம் மூச்சுமுட்டி வளர்ச்சியை நிறுத்தும், நாம் தேடிய கோட்டுக்குப் பதில் நாமே உண்டாக்கிய கோடு விழும்.

குறிப்பு, 16 ஜூன்

பொய் வளையம் பற்றி மூன்று பேர் கேட்டாயிற்று. தேக்கில் மழைக்கு நடுவே நீண்ட இடைவெளி விழுந்தால் மரம் பருவம் முடிந்தது என்று ஏமாந்து ஒரு கோடு போடும். அடையாளம்: அந்தக் கோட்டின் இரு பக்கமும் மாற்றம் படிப்படியாக இருக்கும். உண்மை எல்லையில் ஒரு பக்கம் சிறு குழாய், அடுத்த அணுவிலேயே பாரன்கைமாவும் பெருங்குழாயும், கத்தியால் வெட்டியதுபோல். மையத்தை ஒட்டிய முதல் சில வளையங்களில் பொய் அதிகம்.

போரைட்டீஸில் இதற்கு ஒரு துணைச் சாட்சி உண்டு. பாலிப் மேலேறும்போது தனக்கு அடியில் மெல்லிய கிடைத்தட்டு ஒன்றைத் தரைபோல் போடும். ஏறத்தாழ நிலவுச் சுழற்சிக்கு ஒன்று, ஆண்டுக்கு 12 அல்லது 13. இரண்டு அடர்பட்டைக்கு நடுவே 6 தட்டுதான் இருக்கிறதென்றால் அது ஒரு முழு ஆண்டு அல்ல. மரத்தில் இப்படி மாதத்துக்கு ஒரு மாடி கட்டும் வசதி இல்லை. இந்த ஒரு விஷயத்தில் பவளத்துக்கு முழு மதிப்பெண்.

குறிப்பு, 19 ஜூன்

இனி மையப்புள்ளி. முதல் நாளே சொல்லியிருக்கவேண்டியது.

தேக்கின் ஆண்டுக் கணக்கை நம்புகிறோம் என்றால், அதற்குக் காரணம் வளையம் தெளிவாக இருப்பதல்ல. கூட்டம். ஒரு காட்டில் இருபது மரம், மரத்துக்கு இரண்டு கோர், நாற்பது வரிசை. எல்லாம் ஒரே மழையைக் குடித்தவை. மோசமான மழை ஆண்டில் எல்லாவற்றிலும் ஒல்லி வளையம். ஒரு கோரில் மட்டும் 1877-ல் இருக்கவேண்டிய ஒல்லி வளையம் 1878-ல் நிற்கிறதென்றால், அதற்கு வெளியே எங்கோ ஒரு விடுபட்ட வளையம் உண்டு. 1876-ல் நின்றால் பொய் வளையம். அதைத் தேடிப் பிடிக்கும்வரை அந்தக் கோர் கணக்கில் சேராது. கோஃபெச்சா என்ற கணினி நிரல் இதைத்தான் செய்கிறது. அதன் இயல்பு அமைப்பில் வரிசையை 50 ஆண்டுத் துண்டுகளாக, 25 ஆண்டு மேல்விழும்படி வெட்டி, மற்ற மரங்களின் சராசரியோடு ஒப்பிட்டு எந்தத் துண்டு நழுவுகிறது என்று காட்டும். நிரல் சந்தேகத்தை மட்டும் சொல்லும். திருத்துவது நுண்ணோக்கிக்கு அடியில். நிரல் சொன்னதற்காக வளையத்தை உருவாக்குகிறவர்கள் உண்டு. அது கள்ளக்கணக்கு.

இப்படிக் கட்டியவைதான் கேரளத் தேக்கின் 1481 முதல் 2003 வரையான வரிசையும், தாய்லாந்தின் மே ஹாங் சான் தேக்கின் 1558 முதல் 2005 வரையான வரிசையும்.

பவளத்திலோ பெரும்பாலும் ஒரு பாறைக்கு ஒரு கோர். கடலடித் துரப்பணம் அவ்வளவு செலவு, அவ்வளவு உழைப்பு. தனிச் சாட்சியை யாரைக் கொண்டு குறுக்கு விசாரணை செய்வது? உச்சியிலிருந்து எண்ணிக்கொண்டே இறங்கினால், தவறவிட்ட ஒவ்வொரு பட்டையும் அடியில் உள்ள எல்லா ஆண்டையும் நகர்த்திவிடும். பிழை கீழே போகப் போகக் குவியும்.

குறிப்பு, 20 ஜூன்

கேள்வி கேட்டவர் விடவில்லை: ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளப் பாறையில் எட்டுப் போரைட்டீஸ் கோர்களை ஒன்றோடொன்று பொருத்தினார்களே?

உண்மை. நேற்றைய குறிப்பில் "பெரும்பாலும்" என்ற சொல்லுக்குள் ஒளிந்துகொண்டேன். 1984-ல் இஸ்டேல் காட்டியது: கரையோரப் பவளப் பலகையைப் புற ஊதா விளக்கில் பிடித்தால் ஆற்று வெள்ளம் கடலுக்குள் வந்த ஆண்டுகளில் ஒளிரும் கோடு தெரியும். வெள்ளம் எல்லாப் பவளத்துக்கும் பொது என்பதால் கோடும் பொது. 2003-ல் ஹெண்டியும் உடனிருந்தோரும் எட்டு நெடுங்கோர்களை அந்தக் கோடுகளைக் கொண்டே ஆண்டுக்கு ஆண்டு கட்டினார்கள். அதாவது மரக்காரரின் முறையைக் கடலுக்குள் கொண்டுபோனார்கள். நான் சொன்னதை அது மறுக்கவில்லை. ஆறு எட்டாத நடுக்கடல் தீவில் இந்த வித்தை பலிக்காது. அங்கே 1998 போன்ற, கடல் சூடேறிப் பவளம் வெளுத்த ஆண்டுகள் விட்ட அழுத்தக்கோடு ஒன்றிரண்டு, தேதியை நிறுத்தும் ஆணியாகப் பயன்படும், அவ்வளவே.

குறிப்பு, 27 ஜூன்

ஆணி என்றதும் நினைவுக்கு வந்தது: அணுகுண்டுக் கார்பன். வளிமண்டலச் சோதனைகளால் 1950-களின் நடுவிலிருந்து காற்றில் கதிரியக்கக் கார்பன்-14 ஏறி, 1963, 64 வாக்கில் வடகோளத்தில் ஏறத்தாழ இரட்டித்து, பிறகு இறங்கியது. மரம் காற்றிலிருந்து நேராக உண்பதால் அதே ஆண்டுகளில் செங்குத்தான மலைபோல் காட்டும். 1957, 1960, 1962, 1965 என்று நீங்கள் எண்ணிவைத்த நான்கு வளையங்களிலிருந்து செல்லுலோஸ் பிரித்து அளந்தால், ஓராண்டு பிசகும் பிடிபடும். எல்லைக்கோட்டை விட்டு வளையத்தின் உட்பகுதியை மட்டும் சீவுங்கள். தேக்கின் பிசினை முதலில் கரைத்து எடுக்காவிட்டால் மதிப்பு கலங்கும்.

பவளம் கடல்நீரின் கார்பனை உண்கிறது. கடல் மெதுவாகக் கலக்கும் பாத்திரம். அதே குண்டின் உச்சி பவளத்தில் 1970-களில், தட்டையான மேடாக வரும். பட்டைக் கணக்கு மொத்தமாகத் தவறியதா என்று பார்க்கலாம், ஓராண்டுப் பிசகைப் பிடிக்க முடியாது.

வேடிக்கை: எனிவெட்டாக்கில் பட்டை ஆண்டுக்கு ஒன்று என்று உறுதியானதே, அங்கு நடந்த அணுச்சோதனைகளின் கதிரியக்கம் கூட்டில் தேதியோடு பதிந்திருந்ததால்தான்.

குறிப்பு, 2 ஜூலை

"1997-ஆம் ஆண்டு வளையம்" என்பது எந்த 1997? ஜாவாத் தேக்கு ஆண்டின் கடைசி மாதங்களில் விழித்து அடுத்த ஆண்டின் நடுவில் உறங்கும். வளையம் இரண்டு ஆண்டில் கால் வைக்கிறது. தென்கோள மரங்களுக்கு, வளைய ஆய்வாளர் ஷுல்மன் வகுத்த வழக்கப்படி, வளர்ச்சி தொடங்கிய ஆண்டின் பெயரே வளையத்துக்கு. இதை மறந்து பவள வரிசையோடு பக்கத்தில் வைத்தால் மரம் ஓராண்டு முந்துவதுபோல் தெரியும். அதற்குக் காரணம் தேடித் தலையை உடைத்துக்கொள்ளவேண்டாம், பெயர் வைத்த முறைதான்.

குறிப்பு, 10 ஜூலை

அப்படியானால் பவளம் எதற்கு என்று இப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து கேட்கிறார்கள். மாதத்துக்கு.

ஐந்நூறு ஆண்டு தேக்கில் ஒரு கை நீளத்துக்குள் அடங்கும். பவளத்தில் ஏறத்தாழ ஐந்து மீட்டர். ஆண்டுக்கு 12 மி.மீ. வளரும் கோரில் 1 மி.மீ. இடைவெளியில் தூள் எடுத்தால் ஒவ்வொரு தூளும் ஏறக்குறைய ஒரு மாதம். அதில் ஸ்ட்ரான்சியத்துக்கும் கால்சியத்துக்கும் உள்ள விகிதம், ஒரு மோல் கால்சியத்துக்கு 9 மில்லிமோல் ஸ்ட்ரான்சியம் என்பதன் அருகில் நிற்கும். கடல் ஒரு டிகிரி செல்சியஸ் சூடானால் ஏறத்தாழ 0.06 குறையும். 0.06-ஐப் பிடிக்க அளவி துல்லியமாக இருக்கவேண்டும், தூள் சுத்தமாக இருக்கவேண்டும். கூட்டின் துளைகளில் பின்னாளில் படிந்த இரண்டாம்நிலை அரகோனைட்டில் ஸ்ட்ரான்சியம் அதிகம், கடல் குளிர்ந்ததாகப் பொய் சொல்லும். கால்சைட் என்ற இன்னொரு சுண்ணாம்புக் கனிமமாக மாறிய இடத்தில் ஸ்ட்ரான்சியம் குறைவு, கடல் கொதித்ததாகப் பொய் சொல்லும். பழைய பகுதிகளில் கனிமம் எது என்று காட்டும் எக்ஸ்ரே விளிம்புவிலகல் சோதனை செய்யாமல் வரைபடம் போடாதீர்கள். துளைமுனையை வேகமாகச் சுழற்றினால் சூட்டில் அரகோனைட் கால்சைட்டாக மாறும் அபாயமும் உண்டு, மெதுவாகச் சுரண்டுங்கள்.

தேக்கிடம் கடல் வெப்பத்தை நேராகக் கேட்க முடியாது. அது மழையைச் சொல்லும், அதுவும் தான் விழித்திருந்த மாதங்களின் மழையை.

குறிப்பு, 11 ஜூலை

நேற்று "ஒவ்வொரு தூளும் ஒரு மாதம்" என்று எழுதியது கொஞ்சம் தாராளம். போரைட்டீஸின் சதை கூட்டுக்குள் சில மி.மீ. ஆழம் இறங்கியிருக்கும். அந்த ஆழம் முழுக்கக் கூடு தடித்துக்கொண்டே இருக்கும். உச்சியில் ஜனவரியில் தொடங்கிய ஒரு மி.மீ. சதையைவிட்டு வெளியே வருவதற்குள் பல மாதம் ஆகி, அந்த மாதங்களின் சுண்ணாம்பும் அதில் ஏறிவிடும். கோடை, குளிர் வேறுபாடு உள்ளதைவிட மழுங்கித் தெரிவது இதனால்தான். சதை தடித்த பவளத்தில் மழுங்கலும் கூடுதல், ஆகவே கோர் எடுக்கும்போதே சதையின் கனத்தை அளந்து குறித்துவையுங்கள்.

தேக்கிலும் இதற்கு உறவு உண்டு. மழை தொடங்கியதும் போடும் பெருங்குழாய்களுக்குப் போன ஆண்டு சேமித்த மாவுச்சத்தும் செலவாகிறது. அதனால் நல்ல மழைக்கு அடுத்த ஆண்டு, மழை சுமாராக இருந்தாலும் வளையம் பருத்துவரும். மழையோடு ஒப்பிடுமுன் இந்த மிச்சத்தைக் கழிக்கவேண்டும்.

கேட்டவர், 12 ஜூலை

சரி. மரத்தை விட்டுவிடலாம் என்றதைத் திரும்பப் பெறுகிறேன். தென்னையை விட்டுவிடலாமா?

குறிப்பு, 12 ஜூலை

விடலாம். அது புல்.